தாளில் ஒரு கிணறு

ஆறு ஆண்டுகளாக நான் ஓவியம் தீட்டி வருவது கையடக்கக் கணினியின் கண்ணாடி மேல்தான். பிழை நேர்ந்தால் இரு விரல்களால் தட்டினால் போதும், கோடு மறைந்துவிடும். அலுவலகக் கோப்பில் அடித்தல் திருத்தலுக்குச் சுருக்கொப்பமாவது இட வேண்டும். இங்கு அதுவும் வேண்டா. விற்றுவிட்ட எங்கள் கும்பகோணத்து வீட்டின் கிணற்றை அவ்வாறு எத்தனையோ இரவுகள் தீட்டித் தீட்டி அழித்தேன், முடித்தேனில்லை. கண்புரை அறுவைக்குப்பின் அன்னைக்கு அந்தக் கண்ணாடியின் ஒளி கூசுகிறது. "தாளில் போட்டுக் கொடேன்" என்றார்.

சென்ற மே மாதம் தடித்த தாளும் நீர்வண்ணமும் வாங்கினேன். நீர்வண்ணத்தில் வெண்மை என்பது தீட்டாமல் விட்ட தாளே என்று படித்திருந்தேன். படித்தது கைக்கு வரவில்லை. தில்லியின் வறண்ட காற்றில், தூரிகை மறுமுனை சேருமுன்னரே பூச்சு காய்ந்து திட்டாயிற்று. பதறி நீரை மிகுத்தேன். சாம்பல்நிறம் கிணற்றுச் சுவரில் வழிந்து இறங்கியது. என் இரு விரல்களும் தாமாகவே தாளைத் தட்டின!

அன்னை அதை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். வழிந்த கறையை விரலால் தடவி, "பாசி சரிதான். துவைகல் இந்தப் பக்கமாடா இருந்தது?" என்றார்.

வலப்புறமாம். எனக்கோ இடப்புறமாகவே நினைவு. அவ்வீட்டில் வாழ்ந்தவர்களுள் கேட்டறிய இனி வேறெவரும் இல்லை. மற்றொரு தாளை எடுத்து, முருங்கை எங்கே நின்றது என்று அவரைக் கேட்டேன்.