பனியும் வெந்நீரும்

குளிர்காலத்தில் யப்பான் செல்வோர் பனிச்சறுக்கு, வெந்நீரூற்று, நகர்க்காட்சி ஆகிய மூன்றையும் ஒரே பயணத்தில் அனுபவிக்க விரும்புவர். நாமும் அவ்வாறே விரும்பித் தேசப்படத்தை விரித்தோம். முதலில் வகுத்த திட்டத்தில் நாளுக்கோர் ஊர் இருந்தது. சறுக்க இயலாத பாட்டியார் பகலெல்லாம் என் செய்வார் என்ற வினா எழுந்ததும் அத்திட்டத்தைக் கைவிட்டோம்.

விடையாகக் கிடைத்தது நாகானோ மாநிலத்து நொசாவா ஒன்சென் என்னும் கிராமம். தோக்கியோவிலிருந்து இயாமா நிலையம் வரை அதிவேகப் புகையிரதம் ஓடுகின்றது. அப்பால் பஸ் வண்டியில் அரைமணி நேரத்துக்கு உட்பட்ட பயணமே. கிராமத்தை ஒட்டியே சறுக்குச் சரிவுகள் எழுகின்றன. உள்ளே 13 பொதுக் குளிப்பறைகள் உள. அவற்றை ஊரவரே பேணுகின்றனர். கட்டணம் இல்லை, உண்டியலில் இயன்றதை இடலாம். ஆண், பெண் இருபாலாருக்கும் இடம் வேறு. ஆடை களைந்து, உடலைக் கழுவிய பின்னரே தொட்டியில் இறங்குதல் வேண்டும். ஓகாமா என்னும் ஊற்றின் நீர் ஏறக்குறைய 90 பாகை வெப்பமுடையது. அதில் ஊரவர் கீரை அவிப்பர். விருந்தினர் பார்த்து மகிழலாம்.

மலையை முதலிலும் நகரத்தை இறுதியிலும் வைத்தோம். கடும்பனி வழியை மறித்தாலும் விமானம் தவறாதன்றோ? திரும்பும் வழியில் நாகானோ நகரின் சென்கோஜி ஆலயம்; 1707 ஆம் ஆண்டில் கட்டி முடிந்த அதன் பெருமண்டபத்தைக் கண்டு, தோக்கியோவில் இரண்டு நாள் தங்குவோம்.

காணும் ஊர்கள் குறைந்தன, குறையொன்றும் தோன்றவில்லை. சறுக்கிக் களைத்த பேத்தியும் காத்திருந்த பாட்டியாரும் மாலையில் ஒரே வெந்நீரில் அமர்வர். அதற்காகவே இப்பயணம்.