டிவியைத் தேடி வரும் மின்னல்

3 செப்டம்பர் 2025, விழுப்புரம்

நாலரைக்கே செஞ்சிப் பக்கம் கருத்துவிட்டது. அம்மா "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லிக்கொண்டே டிவி பிளக்கைப் பிடுங்கினாள். டிஷ்ஷிலிருந்து வரும் கறுப்பு ஒயரை மட்டும் தொடவில்லை. நான்தான் கழற்றினேன். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் ஒன்பது நொடி. மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் கணக்கு. அப்படியானால் மூன்று கிலோமீட்டர்தான். இந்த மாதத்துச் சாயங்கால மழையில் தண்ணீரைவிட இடிதான் அதிகம்.

4 செப்டம்பர்

திண்டிவனத்திலிருந்து அக்கா போன். மோடம், செட்டாப் பாக்ஸ், ஃபிரிட்ஜ் போர்டு மூன்றும் போச்சாம். "வீட்டுமேல விழவே இல்லடா, ஏரிக்கரை பனைமரத்துலதான் விழுந்துச்சு." அக்கம்பக்கத்தில் விழுந்தாலே போதுமே, ஈபி லைனும் கேபிள் ஒயரும் வோல்டேஜை வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டுவிடும். "ஸ்டெபிலைசர் இருந்துச்சே!" என்கிறாள். அது மெதுவாக ஏறி இறங்கும் வோல்டேஜுக்கு. இது வந்து போவது மைக்ரோ நொடிக் கணக்கில்.

6 செப்டம்பர், திண்டிவனம்

எலக்ட்ரீஷியன் எர்த் டெஸ்டரை வைத்தார்: 38 ஓம். ஐந்துக்குள் இருந்தால் நிம்மதி. வாசலில் கடப்பாரை இறங்கினால் 'டங்' என்கிறது, அடியில் முழுக்கப் பாறை. கிணற்றடி ஈரத்தில் இன்னொரு ஜி.ஐ. பைப் இறக்கி, கரியும் உப்பும் கொட்டி, பழைய எர்த்தோடு சேர்த்தார். 7-க்கு வந்தது. கேபிள்காரர் தனியாக அடித்திருந்த எர்த்தையும் இதோடு இணைக்கச் சொன்னேன். இரண்டும் தனித்தனியாக இருந்தால், இடி நேரத்தில் அவற்றுக்கு நடுவே எழும் வோல்டேஜ் டிவி வழியாகத்தான் பாயும்.

திடீரென்று பாயும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் எஸ்.பி.டி.யை மெயின் போர்டில் மாட்டினார். ஒயரை அழகாக வளைத்து, சுற்றி, கிளிப் அடித்து வைத்திருந்தார். பார்க்க லட்சணம்தான். ஆனால் கரண்ட் அத்தனை வேகத்தில் ஏறும்போது ஒரு மீட்டர் ஒயரிலேயே ஆயிரம் வோல்ட் எழும்பும், எஸ்.பி.டி. எவ்வளவு அடக்கினாலும் இது அதன்மேல் கூடிக்கொள்ளும். மொத்தம் அரை மீட்டருக்குள் வெட்டச் சொன்னேன். முகம் சுளித்தாலும் வெட்டினார்.

டீ குடிக்கும்போது, "கோபுரக் கலசமே இடிதாங்கிதான் சார், உள்ள வரகு இருக்குல்ல" என்றார். வரகு விதைக்கு ஆகும். கலசத்திலிருந்து மண் வரைக்கும் செம்புப் பட்டை இறங்காவிட்டால் அது எப்படி இடிதாங்கியாகும்? அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

7 செப்டம்பர்

வீட்டுக்கும் இடிதாங்கி வைக்கலாமா என்று அக்கா கேட்டாள். நேராகக் கூரையில் விழும் இடியை எஸ்.பி.டி. மட்டும் தாங்காது என்பது நிஜம். வயல் நடுவே தனித்து நிற்கும் வீடென்றால் யோசிக்காமல் வைக்கச் சொல்வேன். இவள் வீடு தெருவுக்குள், பக்கத்து மாடிகளுக்குக் கீழே இருக்கிறது. பணத்தை முதலில் எர்த்தில் போட்டது சரிதான். போனில் 'தாமினி' செயலியை ஏற்றிக் கொடுத்தேன், புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்துடையது. 20, 40 கிலோமீட்டர் சுற்றில் மின்னல் இருந்தால் சொல்லும்.

9 செப்டம்பர், விழுப்புரம்

இன்று மழையுமில்லை, இடியுமில்லை. எதிர்வீட்டில் பல்புகள் திடீரென்று வெள்ளையாக எரிந்து, மிக்சியும் ஃபேனும் புகைந்தன. கம்பத்தில் நியூட்ரல் கட். 230 வரவேண்டிய இடத்தில் 400-ஐ ஒட்டி வந்தால் எஸ்.பி.டி.யால் ஆகாது, நிமிடக்கணக்கில் நிற்கும் வோல்டேஜில் அதுவே கருகும். அதற்கு வோல்டேஜ் கூடினால் தானே லைனை வெட்டும் ரிலே வேண்டும். எலக்ட்ரீஷியனிடம் எங்கள் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம்.