கண்ணாடிக்குள் ஒரு பாகப்பிரிவினை

கண்ணாடி என்றால் என்னைப் போன்ற பி.காம்.காரனுக்கு இரண்டு வகைதான். மூக்கில் மாட்டுவது, முகம் பார்ப்பது. என் மச்சினன் மூன்றாவது வகைக்காரன். நாலு வருஷமாகக் கண்ணாடியை உடைத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கிறான். அதற்கு ஸ்டைபண்டும் தருகிறார்கள்.

"அப்படி என்னதாண்டா தெரியுது?"

"பாகப்பிரிவினை, அத்தான்."

சிலிக்கா, போரான் ஆக்ஸைடு, சோடா மூன்றையும் சேர்த்து உருக்கினால் கூட்டுக் குடும்பம் மாதிரி ஒன்றாகத்தான் இருக்குமாம். ஆறவிட்டு, மறுபடி 500, 600 டிகிரியில் பல மணி நேரம் வைத்தால் தகராறு ஆரம்பம். சிலிக்கா தனிக்குடித்தனம், சோடாவும் போரானும் எதிர் வீடு. வாசலில் நின்று பார்த்தால் தெரியாது, அதே பளபளப்பு. முற்றினால்தான் லேசாக நீலம் பாரித்த பால் நிறம் தட்டும்.

இந்தச் சண்டையைக் காசாக்கியவர்கள் அமெரிக்காவின் கார்னிங் கம்பெனிக்காரர்கள். ஹூட், நார்ட்பெர்க் என்ற இருவர் 1938-ல் பேட்டன்ட் வாங்கினார்கள். பிரிந்த கண்ணாடியை அமிலத்தில் ஊறப்போட்டால் போரான் பங்கு கரைந்து போய், சிலிக்கா மட்டும் ஸ்பாஞ்ச் மாதிரி நிற்கும். துளையின் அகலம்? ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டு, அதில் சுமார் நாலு. மறுபடி சூடாக்கினால் துளை மூடி, 96 சதவீத சிலிக்காக் கண்ணாடி ரெடி. பெயர் வைகார். சுத்த சிலிக்காவை உருக்க 1,700 டிகிரிக்கு மேல் அடுப்பெரிக்க வேண்டும். இது கொல்லைப்புற வழி.

பிரிவதிலும் இரண்டு தினுசு. ஜவ்வரிசிப் பாயசம் மாதிரி முத்து முத்தாகப் பிரியலாம். இடியாப்பம் மாதிரி பின்னிக்கொண்டும் பிரியலாம். கரைகிற பங்கு முத்தாக அடைபட்டுக் கிடந்தால் அமிலம் உள்ளே போகாது. இடியாப்பமாக இருந்தால் கடைசி வரை போகும். ஜான் கான் என்ற விஞ்ஞானி 1965-ல், ஏகப்பட்ட அலைகளைத் தாறுமாறாக ஒன்றன்மேல் ஒன்று போட்டுக் கணக்கிட்டுப் படம் வரைந்தார். கண்ணாடியின் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் படம் போலவே அச்சு அசலாக இடியாப்பம்!

சாதாரண மைக்ராஸ்கோப் இதற்கு உதவாது. ஒளியின் அலையே இந்தச் சமாசாரங்களைவிடப் பெரிசு. எனவே எலெக்ட்ரான். அதிலும் வில்லங்கம். உடைத்த முகத்தை நீர்த்த அமிலத்தில் சில விநாடி காட்ட வேண்டும். அதிகமானால் அமிலமே குழி பறிக்கும். கண்ணாடியில் மின்சாரம் பாயாது என்பதால் மேலே தங்கமோ கார்பனோ பூச வேண்டும். தங்கம் தடித்தால் அதன் மணிகளே முத்தாகத் தெரியும். எல்லாம் சரியாக இருந்தாலும், எலெக்ட்ரான் கற்றை பட்டு சோடியம் நகர்ந்து, இல்லாத பிரிவினையை உண்டாக்கிவிடலாம். ஆடிட் பண்ண வந்தவரே லெட்ஜரைத் திருத்துகிற கதை!

"பாத்தா என்ன, பாக்காட்டி என்ன?" என்பது மாமியாரின் கேள்வி. நியாயம்தான், கல்யாண வயசுப் பையன்.

அணு உலைக் கழிவை டிராம்பே, தாராப்பூர், கல்பாக்கத்தில் போரோசிலிகேட் கண்ணாடிக்குள்தான் பூட்டுகிறார்கள். கழிவில் மாலிப்டினமும் சல்ஃபேட்டும் அளவு மீறினால், அவை கண்ணாடியோடு சேராமல் மஞ்சளாக ஒதுங்கும். அது தண்ணீரில் கரையும். கதிரியக்க சீசியத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு கிளம்பிவிடும். டிராம்பேயில் சல்ஃபேட் தொல்லைக்காகவே பேரியம் சேர்த்த கண்ணாடிக்கு மாறினார்கள்.

மச்சினனின் சமீபத்திய படத்தில் சின்னச் சின்ன முத்துக்கள். நிஜமாகவே கண்ணாடியில் இருக்கிறதா, எலெக்ட்ரான் போட்ட கள்ளக் கணக்கா என்று தெரியவில்லை. கார்பன் பூசி, கற்றையைக் குறைத்து, வியாழக்கிழமை இன்னொரு துண்டை உடைக்கிறான்.