சன்னல் திண்டு

சிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது 2009 ஐப்பசி மழையில். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நனைந்து கிடந்த பூனைக்குட்டியை அம்மா பழைய புடவைத் துணியில் சுற்றி அடுப்படிக்குக் கொண்டுவந்தாள். இப்போது அம்மா இல்லை. அந்தக் குட்டிக்கு வயது 16. மனிதக் கணக்கில் எண்பது.

தையல் மெஷின்மேல் ஒரு தாவல், அங்கிருந்து சன்னல் திண்டுக்கு இன்னொரு தாவல். அவளுடைய காலைப்பொழுது அப்படித்தான் தொடங்கும். போன வருஷம் ஒருநாள் மெஷினோடு நின்றுவிட்டாள். பிறகு அதிலும் ஏறவில்லை. “வயசாயிடுச்சு, பாவம்” என்றோம். குளியலறை வாளிக்குள் அடிக்கடி தலையை விட்டுத் தண்ணீர் குடித்தாள்; வெயில் என்றோம். முதுகில் முடி சடைபிடித்தது. அதுவும் வயசுதான் என்றோம். அந்த ஒரு சொல்லைப் போட்டு எல்லாவற்றையும் மூடிவிட்டோம். நினைத்தால் இன்றும் நெஞ்சை அடைக்கிறது.

காட்டிக்கொடுத்தது ஒரு சத்தம். ராத்திரி மொசைக் தரையில் அவள் நடந்தால் டக் டக்கென்று கேட்டது. பூனை நடந்து சத்தம் கேட்குமா? பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். கிழப்பூனைக்கு நகம் தடித்துப்போகும், சரியாக உள்ளே இழுபடாது. முன்னங்காலில் ஒரு நகம் வளைந்து திரும்பி அவள் பாதத்திலேயே குத்தி இறங்கியிருந்தது. எத்தனை நாளாகவோ. ஒரு முனகல் இல்லை. வலியை ஒளித்துவைப்பது பூனையின் பிறவிக் குணம்.

நகத்துக்காகப் போன இடத்தில் டாக்டர் எடை பார்த்தார். நாலு கிலோவுக்கு மேல் இருந்தவள் 2.9. ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறியிருந்தது. சிறுநீரகம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பழுதான பிறகுதான் பூனையிடம் அறிகுறியே தெரியவருமாம். அவள் வாளியைத் தேடியது வெயிலுக்காக இல்லை. ஏறாமல் நின்றதற்கு இடுப்பு மூட்டின் தேய்மானம் காரணம்.

இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் வீட்டிலேயே டிரிப். ரிங்கர் லாக்டேட், 100 மில்லி. பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்து, சன்னல் கம்பியில் மாட்டுவேன். அவளை மடியில் இருத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம்போலத் தூக்கிப் பிடித்து ஊசியை ஏற்ற வேண்டும். முதல் தடவை கை நடுங்கி, ஊசி மறுபக்கம் வெளியே வந்து மடியெல்லாம் ஈரம். திரும்பி என்னைப் பார்த்தாளே தவிர, பிறாண்டவில்லை. உள்ளே போன நீர் தோலுக்கடியில் சின்னப் பைபோலத் தொங்கும். விலாப்பக்கம் சரிந்து, சில மணி நேரத்தில் வற்றிவிடும்.

மூட்டுவலிக்கு அரை பாராசிட்டமால் கொடுத்துப் பாருங்களேன் என்று பக்கத்துவீட்டு அக்கா அன்போடுதான் சொன்னார். கூடவே கூடாது. அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை. ஒரே மாத்திரை உயிரைக் குடித்துவிடும். பூனை வளர்க்கிற யாரைக் கண்டாலும் இதை முதலில் சொல்கிறேன்.

மெஷின் ஓரத்தில் ஒரு மணைப்பலகை, அடுத்து முக்காலி, வழுக்காமலிருக்க மேலே சாக்கு. இப்படி ஒரு படி கட்டிவைத்தேன். பத்து நாள் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள். போன வெள்ளிக்கிழமை டீ போட்டுக்கொண்டிருந்தபோது மெஷின் பலகை டொக்கென்றது. எட்டிப் பார்த்தேன். மேலே உட்கார்ந்து, கழுத்தை நீட்டித் திண்டை அளந்துகொண்டிருந்தாள். தூக்கிவிடக் கை பரபரத்தது. அடுப்பை அணைத்துவிட்டு வாசற்படியிலேயே நின்றேன்.