நூற்றுக்குப் பத்து: எதில் பத்து?

கணக்கு என்றாலே எனக்குச் சிறு வயது முதல் அச்சம். பள்ளியிறுதித் தேர்வில் அந்தப் பாடத்தில் கரையேறியதே பெரும்பாடு. பின்னர்க் கல்லூரியில் தமிழிலக்கியம் பயின்றபோது, எண்களின் தொல்லை ஒழிந்தது என்று மகிழ்ந்தேன். புதுச்சேரி முல்லா வீதிப் பக்கத்தில் மதரஸாப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் எனக்கு விகிதமும் சதவீதமும் எதற்கு என்று எண்ணியிருந்தேன். அது எத்துணைப் பெரிய தவறு என்பதை ஒரு சகோதரியின் கண்ணீர் எனக்கு உணர்த்திற்று.

அவர் எங்கள் தெருவைச் சேர்ந்தவர். இரு பெண்மக்களின் தாய். கணவர் வஃபாத்தாகி இத்தாக் காலம் முடிந்தபின், கையிலிருந்த 3 இலட்சம் ரூபாயை வட்டிக்கு விட அவருக்கு மனம் ஒப்பவில்லை. பெரிய மார்க்கெட் அருகே பாத்திரக்கடை வைத்திருந்த உறவினர் ஒருவர், “என் கடையில் போட்டு வை, தங்கச்சி. பத்து சதவீதம் தருகிறேன்” என்றார். இருவரும் என்னைச் சாட்சியாக அழைத்தனர். ஃபாத்திஹா ஓதினோம், தேநீர் அருந்தினோம், கலைந்தோம். ஒரு வரிகூட எழுதிக்கொள்ளவில்லை. கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கப் பணிக்கும் அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனத்தை எத்தனையோ பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தவன் நான்!

ஆண்டு முடிந்தது. அந்தச் சகோதரி 30,000 ரூபாய் வருமென்று காத்திருந்தார். கடைக்காரர் கொண்டுவந்ததோ 12,000. அவர் கணக்கேட்டை விரித்துக் காட்டினார். ஆண்டு இலாபம் 1,20,000. அதில் பத்து சதவீதம் 12,000. சகோதரியோ தாம் கொடுத்த 3 இலட்சத்தில் பத்து சதவீதம் என்று எண்ணியிருந்தார். இருவரில் எவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அச்சகோதரி என்னைப் பார்த்துச் சொன்னார்: “ஹஜ்ரத் உட்கார்ந்திருக்கிறார் என்றுதானே நான் மறுகேள்வி கேட்கவில்லை!”

அன்றிரவு என் மகளின் கணக்குப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தேன். சதவீதம் என்பது தனித்து நிற்கும் எண்ணன்று. ஒன்றோடொன்று கொண்ட உறவு. நூற்றுக்குப் பத்து என்றால், எந்தத் தொகையை நூறாகக் கொள்வது என்பதே முதற்கேள்வி. அதைக் கேளாமல் விட்டேன்.

மார்க்கத்தின் பார்வையில் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. இலாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும் முதலில் பத்து சதவீதம் என்று உறுதி கூறினால் அது வட்டி. இலாபத்தில் பத்து சதவீதம் என்றால் அது கூட்டு வியாபாரம். எண் ஒன்றே, எதில் என்பது மாறினால் ஹலால் ஹராமாகிவிடுகிறது!

மறுநாள் மூத்த ஆலிம் ஒருவர் முன்னிலையில் மூவரும் கூடினோம். கடையில் உறவினரின் முதல் 6 இலட்சம், சகோதரியின் முதல் 3 இலட்சம், விகிதம் 2:1. மூன்றிலொரு பங்கு முதல் போட்டவருக்கு இலாபத்தில் பத்திலொரு பங்கு மட்டும் என்பது மிகக் குறைவு. எனினும் காலை முதல் இரவு வரை கடையில் நிற்பவர் உறவினரல்லவா? உழைக்கும் கூட்டாளிக்குக் கூடுதல் பங்கு பேசிக்கொள்ள ஹனஃபி சட்டம் இடமளிக்கிறது. ஆகவே, இலாபத்தில் பாதி உழைப்புக்கு. மறுபாதி முதலின் விகிதப்படி இருவருக்கும் என முடிவாயிற்று. அதாவது மொத்த இலாபத்தில் சகோதரிக்கு ஆறிலொரு பங்கு, 20,000 ரூபாய். நட்டம் வந்தால் 2:1 என்று முதலின் விகிதப்படியே தாங்க வேண்டும். இம்முறை எழுதிக் கையொப்பமிட்டோம். உறவினர் மனமுவந்து மீதி 8,000 ரூபாயைக் கொடுத்தார்.

ஆயினும் எதிர்பார்த்த தொகை வராததால், மூத்த மகளைக் கல்லூரியில் சேர்க்க அந்தத் தாய் ஒரு வளையலை விற்க நேர்ந்தது. அது என் மௌனத்தின் விலை.

அதுமுதல் எங்கும் இக்கேள்வியைக் கேட்கிறேன். வணிகர் சிலர் ஆண்டு இலாபத்திற்கு மட்டும் ஜகாத் கணக்கிடுகின்றனர். 8 இலட்சம் மதிப்புள்ள சரக்கும், இலாபமாக வந்த 1 இலட்சம் ரொக்கமும் உடையவர் இலாபத்தில் மட்டும் இரண்டரை சதவீதம் பார்த்தால் 2,500 ரூபாய்தான். சரக்கின் அன்றைய சந்தை மதிப்பையும் சேர்த்து 9 இலட்சத்திற்குக் கணக்கிட்டால் 22,500. ஏழைகளின் உரிமையில் 20,000 ரூபாய் விடுபட்டுப் போகிறதே! நாற்பதில் ஒன்றாகிய இந்த அளவைப் பழந்தமிழ்க் கணக்கில் ‘அரைமா’ என்பார்கள்.

தள்ளுபடி விற்பனையிலும் இதே மயக்கம் உண்டு. 100 ரூபாய்ப் பொருளுக்கு 20 சதவீதம் கூட்டி 120 என்று விலை எழுதி, பிறகு 20 சதவீதம் தள்ளினால் கிடைப்பது 96. கூட்டியது நூற்றில், கழித்ததோ நூற்றிருபதில். அசலிலேயே நான்கு ரூபாய் போய்விடும்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி, இன்று உலகம் இயற்கணிதம் எனப் பயிலும் கலைக்கு அடிப்படை நூல் தந்தவர். அந்நூலின் பெரும்பகுதி வாரிசுரிமை, வஸிய்யத்துப் பங்கீட்டுக் கணக்குகளே. பங்கு பிசகாமல் உரியவரைச் சேர வேண்டும் என்ற கவலை அம்மேதைக்கு இருந்தது. அந்த வழி வந்த நாம் கணக்குக்கு அஞ்சி ஒதுங்கலாமா?

சகோதர சகோதரிகளே! இப்போது என் மதரஸாவில் வாரம் ஒருநாள் பிள்ளைகள் விகிதக் கணக்கும் போடுகிறார்கள். நிறுவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் அல்முதஃப்பிஃபீன் அத்தியாயம் ஓதி முடித்ததும், நான் கேட்பேன்: “நூற்றுக்குப் பத்து என்றால்?” பிள்ளைகள் ஒரே குரலில் திருப்பிக் கேட்பார்கள்: “எதில் பத்து, ஹஜ்ரத்?”