மலைநாட்டுத் தெருவும் குழந்தை வண்டியும்

பச்சிளங் குழந்தைக்குத் தள்ளுவண்டி வாங்குவது பற்றி அறிவுரை கூறுவோர் பெரும்பாலும் சமதரையில் வாழ்வோர். மெத்தை எவ்வளவு மிருதுவானது, துணியின் நிறம் எத்தகையது, பால் போத்தல் வைக்க இடமுண்டா என்பன பற்றி அவர்கள் விரிவாகப் பேசுவர். ஹாலிஎலயில் வாழும் எமக்கோ முதலில் எழும் வினா வேறு. கையை விட்டால் இவ்வண்டி எங்கே போய் நிற்கும்?

வெலிமடையிலிருந்து வரும் வீதியும் பண்டாரவளையிலிருந்து வரும் வீதியும் ஹாலிஎலயிற் கூடிப் பதுளையை நோக்கி இறங்குகின்றன. 1924ஆம் ஆண்டிற் பதுளையை அடைந்த புகையிரதப் பாதையும் தெமோதரையிலே தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொண்டுதான் இவ்விடம் வந்து சேர்கிறது. புகையிரதமே தயங்கித் தயங்கி இறங்கும் மண்ணில் நான்கு சிறு சக்கரங்களை நம்பிக் குழந்தையை ஒப்படைப்பது எளிதான காரியமா?

எமது இல்லத்திற் பேத்தி பிறந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. அவளுடைய தாய்மாமன் கத்தாரிலே தொழில் புரிகிறார். “வண்டி ஒன்று வாங்குங்கள், விலையைப் பார்க்க வேண்டாம்” என்று பிரசவத்துக்கு முன்னரே பணம் அனுப்பிவிட்டார். அச்செய்தியைக் கேட்ட எமது தாயார் சிறிது நேரம் பேசாதிருந்தார். எண்பது வயதைக் கடந்த அவர், சிறுமியாக இருந்த காலத்திலே தோட்டத்துப் பெரிய துரை பங்களாவில் ஆயாவுக்குத் துணையாக வேலை செய்தவர். உயர்ந்த சக்கரங்களும் கறுப்புக் கூடாரமும் கொண்ட சீமை வண்டியிலே துரையின் குழந்தையை மாலைதோறும் புற்றரையிற் தள்ளிச் செல்வது அவர் கடமை. அதே வேளையில் அவருடைய சொந்தத் தம்பி பிள்ளைக் காம்பராவிலே ஏணையில் ஆடிக்கொண்டிருந்தான். அவர்களைப் பெற்ற தாய் கொழுந்து மலையிலே நின்றாள்.

“நம்ம வீட்டுப் பிள்ளைய வண்டியில வச்சுத் தள்ளுவோம்னு நான் நெனச்சதே இல்லப்பா” என்றார் தாயார். பிறகு, கடைக்காரர் எவரும் எமக்குக் கூறாத ஒன்றைக் கூறினார். “எங்க நிறுத்தினாலும் எறக்கத்துக்குக் குறுக்கால நிறுத்துங்க. மேல பார்த்தும் வேணாம், கீழ பார்த்தும் வேணாம்.” துரைசாணி அவருக்குக் கற்பித்த பாடமாம் அது. எழுபது ஆண்டுகள் சென்ற பின்பும் அதிலே திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

பௌதிகவியல் கற்கும் மாணவர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பத்து மீற்றர் தூரத்துக்கு ஒரு மீற்றர் இறங்கும் சரிவு எமது ஊரிலே பெரிய சரிவன்று. அச்சரிவிற் கைவிடப்பட்ட வண்டி, சக்கரங்களின் தடையைக் கழித்த பின்னரும், மூன்று விநாடிகளில் மூன்று மீற்றருக்கு மேல் ஓடிவிடும். அப்போது அதன் வேகம் மனிதர் விரைந்து நடக்கும் வேகத்தையும் தாண்டியிருக்கும். மூன்று விநாடி என்பது, கைத்தொலைபேசியை எடுத்து அழைப்பவர் யாரென்று பார்க்கும் நேரம். ஐசென்ஸ்டைன் 1925ஆம் ஆண்டில் எடுத்த ‘போர்க்கப்பல் பொட்டம்கின்’ என்னும் மௌனப் படத்தில், ஒடெஸா நகரத்துப் படிக்கட்டிலே தாயின் கையினின்றும் விடுபட்ட குழந்தை வண்டி உருண்டு செல்லும் காட்சியொன்று உண்டு. அதைக் கண்ட மலைநாட்டுத் தாய் எவளும் அது சினிமாதானே என்று வாளாவிருக்க மாட்டாள்.

ஆகையால், பதுளைக் கடைக்குச் சென்றபோது ஐந்து கிலோ அரிசிப் பையொன்றையும் உடன் எடுத்துச் சென்றோம். விற்பனையாளரான இளைஞர் முதலிற் சிரித்தார். பின்னர் தாமே ஆர்வங்கொண்டு வண்டிகளை வாசலிலுள்ள சரிவுக்குக் கொண்டுவந்தார். பையைக் குழந்தையின் இடத்திற் கிடத்தி, வார்ப்பட்டியை மாட்டி, பிரேக்கை அழுத்தி, முன்பக்கம் கீழ்நோக்க ஒருமுறையும் மேல்நோக்க ஒருமுறையும் நிறுத்திப் பார்த்தோம். பார்வைக்கு மிக அழகாயிருந்த முதலாவது வண்டி, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பிடிபட்டமையால், மெல்லத் திரும்பி வழுக்கியது. இரண்டாவதன் பிரேக் நன்றாகப் பிடித்தது. ஆனால் செருப்பணிந்த காலால் அதனை விடுவிக்க முடியவில்லை. மூன்றாவதிலே ஒரே மிதியில் பின்சக்கரங்கள் இரண்டும் பூட்டிக்கொண்டன. கைப்பிடியோடு மணிக்கட்டில் மாட்டும் வாரும் இருந்தது. ஐரோப்பியத் தரநிலையான ஈஎன் 1888 என்னும் குறியும் சட்டத்திலே பொறிக்கப்பட்டிருந்தது. அத்தகைய குறி நன்றே. எனினும் அரிசிப் பைச் சோதனையை நாம் கைவிடச் சொல்ல மாட்டோம்.

அடுத்தது படுக்கை. இங்கேதான் பலரும் விலையையும் இலேசையும் பார்த்து மயங்குகின்றனர். குடைபோல் மடங்கும் சிறு வண்டிகள் கடைகளில் நிறையத் தொங்குகின்றன. விமானங்களின் சக்கரத் தாங்கிகளை வடிவமைத்த பொறியியலாளரான ஓவன் மக்லாரன் என்னும் ஆங்கிலேயர், பேத்தியின் வண்டியைத் தூக்கித் திரியும் இடரைக் கண்டு, 1965ஆம் ஆண்டில் அலுமினியக் குழாய்களால் அமைத்த வண்டியே அவற்றுக்கெல்லாம் முன்னோடி. சிறந்த கண்டுபிடிப்புத்தான், ஆயினும் அவ்வகை வண்டிகளிற் பெரும்பாலானவை உட்காரத் தெரிந்த பிள்ளைக்கே உரியன. பிறந்த குழந்தையின் கழுத்துக்குத் தலையைத் தாங்கும் வலு இல்லை. அரைகுறையாய்ச் சாய்ந்த இருக்கையில் நாடி நெஞ்சின் மேல் விழுந்தால் மூச்சுக் குழல் மடங்கி அடைபடும். குழந்தை அழுது உணர்த்தவும் மாட்டாது. ஆதலின் முதுகு முழுவதும் படியும் சமதளப் படுக்கையும், இறுக்கமான தட்டை மெத்தையும் வேண்டும். அன்பின் மிகுதியால் நாம் செருகும் இலவம்பஞ்சுத் தலையணையை வீட்டிலேயே வைத்துவிட வேண்டும். இரவு நித்திரைக்கு இவ்வண்டியைத் தொட்டிலாக்குவதும் தகாது.

மடிக்கும் மூட்டுகளை விரலால் தடவிப் பார்ப்பது அவசியம். மக்லாரன் பெயரிலான அந்த நிறுவனமே 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்ற ஏறத்தாழப் பத்து இலட்சம் வண்டிகளைத் திருத்த நேர்ந்தது. வண்டியை விரிக்கும்போது மூட்டிலே அகப்பட்டுக் குழந்தைகளின் விரல்நுனி துண்டிக்கப்பட்டதாகப் பன்னிரண்டு முறைப்பாடுகள் வந்திருந்தன. புகழ்பெற்ற பெயர் மட்டும் காவலாகாது. மூட்டுக்கு உறை உண்டா, ஒரு பூட்டுத் தளர்ந்தாலும் வண்டி மடியாதபடி இன்னொரு பூட்டு உண்டா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

குழந்தை எம்மை நோக்கியிருக்க வேண்டுமா, வீதியை நோக்கியிருக்க வேண்டுமா என்பதில் எமது வீட்டிலே சிறு விவாதம் எழுந்தது. உலகத்தைப் பார்க்கட்டுமே என்பது மருமகனின் கட்சி. ஸ்கொட்லாந்திலுள்ள டன்டி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுசான் சீடிக் என்பவர் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றைச் சுட்டிக்காட்டி நாம் மறுத்தோம். தம்மை நோக்கிக் கிடக்கும் குழந்தையோடு பெற்றோர் மிகுதியாகப் பேசுகின்றனர் என்பது அதன் முடிவு. தாலாட்டோடு வளரும் பிள்ளைகளின் வீட்டுக்கு இதை ஸ்கொட்லாந்து சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று தாயார் கேட்டார். விவாதம் அத்துடன் முடிந்தது.

சக்கரம் பெரிதாக இருத்தல் நன்று. குன்றும் குழியுமான ஒழுங்கைகளிலே சிறிய கட்டைச் சக்கரங்கள் குழந்தையின் தலையைக் குலுக்கி எடுத்துவிடும். காற்றடித்த சக்கரமாயின் சைக்கிள் கடையிலேயே ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஆடி ஆவணியில் ஊவாவின் உலர் காற்றுப் புழுதியை வாரி இறைக்கும்போதும், ஐப்பசி பிறந்து மழை இறங்கும்போதும் கூடாரம் ஆழமாயிருப்பது பயன் தரும். வெயிலுக்கஞ்சி வண்டியின் வாயைத் துணியால் மூடுவோரை அடிக்கடி காண்கிறோம். காற்றோட்டம் தடைப்பட்டு உள்ளே வெப்பம் ஏறும். நுளம்பு வலை மட்டும் போதும். கைப்பிடியிலே மரக்கறிப் பையைத் தொங்கவிடுவதும் ஆகாது. குழந்தையைத் தூக்கிய மறுகணம் வண்டி பின்புறமாகச் சாயும்.

இவ்வளவும் பார்த்து வாங்கிய வண்டி எங்கே ஓடும் என்பதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். வீதியிலிருந்து எமது வீட்டுக்கு நாற்பத்திரண்டு படிகள். கிளினிக்குக்குச் செல்ல ஓட்டோவிலே ஏறினால் வண்டி மடிந்து பின்புறம் போகும். பிள்ளை தாயின் மடிக்குப் போகும். இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் தடுப்பூசி போடும் நாட்களிலே, வரிசையில் நிற்கும் நேரத்துக்குத்தான் அது உண்மையில் உதவுகிறது. லயத்துக் காம்பராக்களில் வாழ்வோருக்கோ, வாசலிலே கான், கானுக்கு அப்பாற் படி, படிக்கு அப்பால் ஒற்றையடிப் பாதை. அங்கே விலையுயர்ந்த வண்டியைவிட, குழந்தையை நெஞ்சோடு அணைத்துக் கட்டும் நல்ல துணியே வழித்துணை. அதிலும் குழந்தையின் முகம் வெளியே தெரிய வேண்டும். நாடி நெஞ்சிற் படியக் கூடாது. ஆகவே கடன்பட்டு வண்டி வாங்க எண்ணும் இளம் பெற்றோர் முதலில் தம் வீட்டிலிருந்து வீதி வரை ஒருமுறை நடந்து, எத்தனை அடி தூரம் சக்கரம் உருளும் என்று எண்ணிப் பார்ப்பது நலம். எண்ணிக்கை சிறிதாயின் அப்பணத்தைப் பிள்ளையின் பெயரில் வங்கியிலிடலாம்.

பேத்தி எழுந்து உட்காரத் தொடங்கியதும் இச்சமதளப் படுக்கை எமக்குத் தேவைப்படாது. கீழ்வீட்டு மருமகளுக்கு மார்கழியிலே பேறு நாள் குறித்திருக்கிறார்கள். அவர்கள் வீடு வீதியோரத்தில் இருக்கிறது. வண்டியை அங்கே கொடுப்பதென முடிவாயிற்று. கொடுக்குமுன் பிரேக்கின் கம்பியை மாற்றித் தருவதற்குச் சைக்கிள் கடைக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அரிசிப் பையை எடுத்துக்கொண்டு நாமும் செல்வோம்.