உப்புக்கரையில் ஓர் அடைகோழி

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் செல்லும் சாலை சுமார் 55 கிலோமீட்டர். வைகை, ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகிறது. அதுவும் தண்ணீர் வருகிற ஆண்டில்தான். பனையும் சீமைக்கருவேலும் தென்னந்தோப்பும் மாறி மாறி வரும் இந்த வழியில், தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி உருட்டிச் செல்லும் பெண்களைப் பார்க்காமல் வர முடியாது. நிலத்தடி நீர் பல ஊர்களில் உவர். குடிக்கவும் சோறு பொங்கவும் நல்ல தண்ணீர் தேடித்தான் அந்த வண்டிகள் ஓடுகின்றன. அந்தக் குடத்தில் கோழிக்கும் பங்கு உண்டா? இந்தக் கரையில் கோழி வளர்ப்பவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான்.

உப்பு நீரைத் தொடர்ந்து குடிக்கும் கோழிகளின் முட்டை ஓடு மெலிந்துபோவதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். ஓடு மெலிந்தால் அடையில் முட்டை சீக்கிரம் விரியும். உள்ளிருக்கும் ஈரமும் வேகமாக வற்றும். பெரிய கோழி ஓரளவு தாங்கும். குஞ்சும் காயம்பட்ட கோழியும் தாங்காது.

உச்சிப்புளி தாண்டினால் வேலிகளெல்லாம் கருவேல முள். புறக்கடையில் மேயும் கோழி நொண்டினால் முதலில் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கறுத்த பொருக்கும் வீக்கமும் இருந்தால் முள் உள்ளே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். வெதுவெதுப்பான நீரில் காலை ஊறவைத்து, முள்ளை எடுத்து, மஞ்சள்தூளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவி, காய்ந்த வைக்கோல் மேல் சில நாள் அடைத்து வைத்தால் போதும்.

மண்டபம் பக்கம் ஆபத்து வேறு மாதிரி. கரையில் கிடக்கும் நைலான் வலைத்துண்டு கோழியின் விரலில் சுற்றி, நாளுக்கு நாள் இறுகி, சதையை அறுத்துவிடும். வாரம் ஒருமுறை கால்களைத் தடவிப் பார்ப்பதில் கஷ்டம் ஒன்றுமில்லை. அதே பழைய வலையைப் பட்டியின் மேல் இழுத்துக் கட்டினால், பருந்திடமிருந்தும் காக்கையிடமிருந்தும் குஞ்சுகளைக் காப்பதற்கு அதைவிட மலிவான பொருள் கிடையாது. கருவாட்டுக் கழிவை மட்டும் அப்படியே கொட்டக் கூடாது. உப்பு மிகுந்தால் கழிச்சலும் அடங்காத தாகமும் வரும்.

காயத்தைக் கழுவ உப்பு நல்லதுதான். ஆனால் கடல் நீர் ஆகாது. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு ஒன்றரை டீஸ்பூன் உப்பு, அதாவது சுமார் 9 கிராம், அவ்வளவே அளவு. கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் இருக்கிறது. எரிச்சலோடு கிருமியையும் சேர்த்துக் கொடுக்கும்.

1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தின் பக்கத்திலேயே 2025-ல் புதுப் பாலம் வந்துவிட்டது. பாம்பன் தாண்டித் தீவுக்குள் நுழைந்தால் தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்றுப் பாத்திகள். நாற்றுக்கு ஊற்றுகிற ஈரத்தில் புழு கிளறக் கோழிகள் கூடும். நாயும் கீரியும் அங்கேதான் காத்திருக்கும். பல வீடுகளில் நான்கைந்து சிறுவிடைக் கோழிகள் பெண்களின் கைக்காசு. அவற்றில் அடையில் இருக்கும் கோழியை நாய் கவ்விவிட்டால் நஷ்டம் ஒரு கோழியோடு நிற்பதில்லை. அந்த ஈட்டுக் குஞ்சுகளும் போகும்.

பன்னிரண்டாம் நாளில் அப்படி நடந்தால் பதற்றத்தில் முட்டைகளைக் கைவிடுகிறவர்கள்தான் அதிகம். அது தேவையில்லை. அடைகோழி தினமும் இரைக்காகக் கால் மணி நேரம் எழுந்து போகிறது. கடலோர வெப்பத்தில் முட்டை ஓரிரு மணி நேரம் ஆறினாலும் எல்லாம் கெட்டுவிடாது. பொரிப்பு சற்றுத் தள்ளிப் போகலாம். முட்டைகளைத் துணி சுற்றி ஓலைப்பெட்டியில் வைத்துவிட்டு, பக்கத்து வீடுகளில் வேறு அடைகோழி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இருந்தால் இருட்டிய பிறகு அதன் அடியில் தள்ளிவிட்டால் ஏற்றுக்கொள்ளும். இன்குபேட்டர் கிடைத்தால் 37.5 டிகிரி வெப்பம்; பதினெட்டாம் நாள் வரை திருப்பிவிட வேண்டும், பிறகு திருப்பக் கூடாது. மாற்றும் முன் செல்போன் டார்ச்சில் பார்த்தால், சிலந்தி வலைபோல் ரத்த நாளம் தெரிவது உயிருள்ள முட்டை. வெறும் ரத்த வளையம் தெரிந்தால் கரு இறந்துவிட்டது. உடைந்த முட்டையின் கசிவு மற்றவற்றில் பட்டிருந்தால் காய்ந்த துணியால் துடைத்தால் போதும். பச்சைத் தண்ணீரில் கழுவினால் ஓட்டுத் துளை வழியே கிருமி உள்ளே இழுபடும்.

கோழியை உடனே பஞ்சாரத்தில் தனியே கவிழ்க்க வேண்டும். ரத்தம் கண்டால் மற்றக் கோழிகள் கொத்திக் கொத்தியே கொன்றுவிடும். இறக்கை ஒடிந்திருந்தால் உடம்போடு சேர்த்துத் தளர்வாகக் கட்டலாம். நெஞ்சை இறுக்கக் கூடாது. கோழிக்கு நம்மைப் போல் உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. கால் ஒடிந்தால் பஞ்சு சுற்றி, பனை மட்டைச் சிம்பு வைத்துக் கட்டி மூன்று வாரம் விடலாம். புழு வைத்த புண்ணுக்குத் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்துப் போடுவது பலரும் அறிந்த வழி. நாய்ப்பல் ஆழமாக இறங்கியிருந்தால் கைவைத்தியத்தோடு நிறுத்தக் கூடாது. 1962 என்ற இலவச எண்ணில் கால்நடை மருத்துவ உதவி கேட்கலாம். மருந்து கொடுத்த கோழியின் முட்டையை எத்தனை நாள் சாப்பிடக் கூடாது என்றும் அப்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

ஐப்பசி, கார்த்திகை இடிக்கு முட்டை கூழாகிவிடும் என்று அடைக்கூடையில் இரும்புத்துண்டும் கரியும் போடுவார்கள். போடட்டும், குற்றமில்லை. ஆனால் கூடையைச் சாரல் படாத இடத்துக்கு நகர்த்துவதுதான் முட்டையைக் காக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் சேர்த்த முட்டை நான்கைந்து நாளிலேயே அடைக்குப் போக வேண்டும். ஈர மணலில் பதித்த மண்சட்டியில் வைத்தால் சூடு தணியும். அந்த மணலுக்கும் நல்ல தண்ணீர்தான்.

1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இன்றும் மணலைச் சில அடி தோண்டினால் நன்னீர் ஊறுகிறது. இரண்டு பக்கமும் கடல் இருக்க, அந்த ஊற்றை நம்பித்தான் மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன. இருபத்தோராம் நாள் ஓடு உடைத்து வரும் குஞ்சுக்கு முதல் தண்ணீரும் அப்படிப்பட்ட ஊற்று நீராகவோ குடத்து நீராகவோ இருக்கட்டும். மூழ்காதபடி தட்டில் கூழாங்கல் போட்டு வைக்கலாம். காயம் ஆறித் திரும்பும் பழைய தாயிடம் குஞ்சுகளை மறுபடி விட வேண்டாம். தன்னுடையவை என்று தெரியாமல் கொத்தி விரட்டும். அது தேறி அடுத்த ஈட்டுக்கு முட்டையிடட்டும்.